வெள்ளம் வடிந்த கழனிக்கு எந்தக் கருவி?

சென்னையில் இருப்பவர்களுக்கு ஊத்துக்கோட்டை என்றதும் கிருஷ்ணா நீர்தான் நினைவுக்கு வரும். கண்டலேறு அணையிலிருந்து ஆந்திர மண்ணில் 152 கி.மீ. ஓடிவரும் அந்த நீர், இங்கே ‘ஜீரோ பாயின்ட்’ என்று சொல்லப்படும் இடத்தில் தமிழகத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து இன்னும் 25 கி.மீ. கடந்து பூண்டி ஏரியில் சேர்கிறது. எத்தனை கன அடி வந்தது, ஏரியில் எவ்வளவு இருப்பு என்று நாளிதழ்கள் நாள் தவறாமல் கணக்குச் சொல்கின்றன. ஆனால், இதே ஊரை ஒட்டி ஓடும் ஆரணி ஆறு மழைக்காலத்தில் கழனிகளில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் மண்ணுக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.

பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால், சுருட்டப்பள்ளி தாண்டி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று பழவேற்காடு வரைக்கும் ஆற்றோர ஊர்கள் தூக்கம் தொலைக்கும். 2015 டிசம்பர் பெருமழை, 2020 நவம்பரில் நிவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கதை உண்டு. ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கித் திருவள்ளூர் போக வழியில்லாமல் நின்ற நாட்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறும்போது அதிகாரிகள் வருகிறார்கள், கேமரா வருகிறது, உணவுப் பொட்டலம் வருகிறது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். வரப்பு தெரியாமல் மூடிய மணலும் மடையை அடைத்த சேறும் கழனிக்காரர் ஒருவருக்கு மட்டும் மிச்சமாகின்றன.

அந்த மண்ணை எதைக்கொண்டு அகற்றுவது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? ஊருக்கு ஊர் டிராக்டர் நிற்கிறது. அதில் மாட்டுவதற்கு ஒன்பது கொழுக் கலப்பை இருக்கிறது, ரோட்டவேட்டர் இருக்கிறது, சேற்றுழவுக்கு கேஜ் வீல் இருக்கிறது, ஒரு டிரெய்லர் இருக்கிறது. மண்ணை வழிக்கவும் தள்ளவும் வாரவும் ஏற்ற கருவி பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஜேசிபிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த வாரங்களில் ஜேசிபி முதலில் சாலைக்குப் போகும், பிறகு வடிகாலுக்கு, பிறகு பாலத்துக்கு. அரை ஏக்கர் சிறு விவசாயியின் முறை வரும்போது நவரைப் பட்டமே போய்விடும். டிசம்பர் வெள்ளத்துக்கும் நவரை நாற்று நடவுக்கும் நடுவே கிடைப்பது சில வாரங்கள்தான். டிராக்டர் இருந்தும் அந்த வாரங்கள் வீணாவது கருவி இல்லாத ஒரே காரணத்தால்.

மூன்று அங்குலத்தின் கணக்கு

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். வெள்ளம் விட்டுப்போவதெல்லாம் தொல்லை அல்ல. கையில் எடுத்து நனைத்து உருட்டினால் நாடாவாகத் திரளும் வண்டலை யாரும் அகற்றத் தேவையில்லை. அதை உழுது கலந்தால் நிலத்துக்கு உரம். உருட்ட உருட்ட உதிர்ந்துபோகும் மணல்தான் பகை. அது நீரைப் பிடித்து வைக்காது, சத்தையும் பிடித்து வைக்காது. எவ்வளவு படிந்திருக்கிறது என்று அறிய மண்வெட்டி போதும். கழனியின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெட்டிப் பார்த்தால், வெளுத்த மணலுக்குக் கீழே ஓரிடத்தில் கறுத்த கோடு ஒன்று வரும். அழுகிய நெல் தாளும் புல்லும் அமுங்கிக் கிடக்கும் அந்தக் கோடுதான் பழைய தரை. அதற்கு மேலே இருப்பதுதான் வெள்ளம் வைத்துவிட்டுப் போனது. ஒரே கழனியில் மடை வாயில் முழங்கால் அளவும் மறுகோடியில் விரல் அளவும் இருக்கும். அதனால், ‘கழனி முழுக்க மண் மூடிப்போச்சு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கருவியைத் தீர்மானிக்க முடியாது.

1993இல் அமெரிக்காவில் மிசிசிப்பி, மிசௌரி ஆறுகள் கரை உடைத்து வயல்களை மணலால் மூடியபோது, அங்குள்ள வேளாண் விரிவாக்கத் துறையினர் உழவர்களுக்கு ஓர் அளவு சொன்னார்கள். 2 அங்குலம் வரை படிந்த மணலை வழக்கமான உழவிலேயே கலந்துவிடலாம். 8 அங்குலம் வரை இருந்தால் ஆழ உழவு வேண்டும். அதற்கு மேல் போனால் மெல்லிய இடங்களுக்குப் பரப்பிவிட்டு ஆழ உழ வேண்டும். 2 அடியைத் தாண்டினால் வாரி வெளியேற்றுவதே வழி. நம் மண்ணுக்கும் டிராக்டரின் வலுவுக்கும் ஏற்ப இந்த அளவுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அரை அடி மணலுக்கு அடியில் உள்ள களிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவர 40 குதிரைத்திறன் வண்டி திணறும். ஆனால் அணுகுமுறை சரியானது. ஆழத்தை அளந்த பிறகுதான் உழுவதா, பரப்புவதா, வாருவதா என்ற முடிவு. கருவி அந்த முடிவுக்குப் பின்னால் வருகிறது.

நம் நாட்டு நிவாரண விதியிலும் ஓர் ஆழம் எழுதப்பட்டிருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான 2022-26 விதிமுறைப்படி, விளைநிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருப்பதாக அதிகாரி சான்றளித்தால், சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு ரூ.18,000 உதவி உண்டு. ஏக்கருக்குப் பிரித்தால் ஏறத்தாழ ரூ.7,300. இதைக் களத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கரில் 3 அங்குல மணல் என்பது சுமார் 308 கன மீட்டர். ஏரி வண்டல் எடுக்க அரசு அனுமதி தரும்போது, ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதே கணக்குப்படி 308 கன மீட்டருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட லோடு. உதவித்தொகையை லோடுக்குப் பங்கிட்டால் ரூ.70 சொச்சம் வருகிறது. அதில் வாரி ஏற்ற வேண்டும், கொண்டுபோக வேண்டும், கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும், டீசல் போட வேண்டும். அரை அடி மணல் என்றால் லோடு இருநூறைத் தாண்டும், பணம் மட்டும் அதேதான்.

இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் தொகை இரட்டிப்பானாலும் வாடகைக்குப் பிடிக்க ஊரில் கருவி இல்லையென்றால் அந்தப் பணம் வேறு செலவுக்குத்தான் போகும். மணல் அங்கேயே கிடக்கும்.

பின்னால் பிளேடு, முன்னால் டோசர்

மணலை நகர்த்த டிராக்டரில் மாட்டக்கூடிய கருவிகளில் மிகவும் எளிமையானது பின் பிளேடு. லெவலர் பிளேடு என்றும் சொல்வார்கள். வளைந்த இரும்புப் பலகை, அதன் அடியில் கத்தித் தகடு, நடுவில் சுழலும் ஓர் அச்சு, அவ்வளவுதான். இன்ஜினிலிருந்து சுழல்விசை எடுக்க வேண்டியதில்லை. கியர் பெட்டி இல்லை, தண்டு இல்லை. அதனால் பழுதும் குறைவு, விபத்தும் குறைவு. லட்ச ரூபாயைத் தொடும் ரோட்டவேட்டரோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு.

இது வேலை செய்வதை அருகில் நின்று பார்த்தால் அதன் நுட்பம் புரியும். டிரைவர் பாதி உடம்பைப் பின்னால் திருப்பி உட்கார்ந்திருப்பார். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை ஹைட்ராலிக் நெம்புகோலில். பலகையைத் தரையில் இறக்கி முதல் கியரில் நகர்ந்தால், மணல் சுருண்டு சுருண்டு பலகைக்கு முன்னால் திரளும். கறுத்த பழைய தரை தெரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் நெம்புகோலைக் கட்டைவிரல் அளவு மேலே இழுப்பார். இழுக்காவிட்டால் நல்ல மேல்மண்ணும் மணலோடு போய்விடும். வரப்போரம் வந்ததும் மெல்லத் தூக்கினால், திரண்டது ஒரு கரையாக நின்றுவிடும். பிளேடைச் சாய்கோணத்தில் திருப்பி வைத்தால் மண் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வரும். வண்டிப்பாதையைத் துப்புரவாக்க இதுதான் வழி. முன்பின்னாகத் திருப்பி வைத்து ரிவர்ஸில் தள்ளவும் முடியும். ஆனால் அப்படித் தள்ளும்போது வேகம் கூடாது. மறைந்திருக்கும் கல்லில் மோதினால் இணைப்புக் கைகள் வளைந்துவிடும்.

பின் பிளேடுக்கு இரண்டு குறைகள் உண்டு. டிராக்டரின் சக்கரம் முதலில் மண்மேல் ஏறி மிதித்த பிறகுதான் பலகை வருகிறது. மணலில் அது பெரிய தொல்லை இல்லை, ஈரச் சேற்றில் தொல்லை. இரண்டாவது, நம் ஊர் டிராக்டர்களின் பின்பக்க ஹைட்ராலிக் கருவியைத் தூக்கும், கீழே அமுக்காது. பிளேடு தன் எடையால்தான் மண்ணில் இறங்குகிறது. எடை குறைந்த, மெல்லிய தகட்டில் செய்த பிளேடை விலை மலிவு என்று வாங்கினால், இறுகிய வண்டல் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும். தகடு கனமாக இருக்கிறதா, கத்தித் தகடு தேய்ந்தால் போல்ட்டைக் கழற்றி மாற்ற முடியுமா, கோணம் மாற்றும் ஊக்கு ஆட்டமில்லாமல் பூட்டுகிறதா, கீழ் இணைப்பு ஊக்கின் பருமன் நம் வண்டிக்குப் பொருந்துமா. சிறிய வண்டிகளில் அந்த ஊக்கு 22 மி.மீ., பெரியவற்றில் 28 மி.மீ. பொருந்தாத கருவியை வாங்கி வந்து புஷ் வைத்து ஒட்டுப்போடுவது அடிக்கடி நடக்கிறது. அகலமும் முக்கியம். இரண்டு பின் சக்கரங்களின் வெளி ஓரத்தைவிடப் பலகை சற்றேனும் அகலமாக இல்லையென்றால், வழித்த தடத்தின் மேலேயே சக்கரம் மண்ணை இழுத்துவந்து போடும்.

முன்னால் மாட்டும் டோசர் பலகைக்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை. சக்கரத்துக்கு முன்னால் தள்ளும், அமுக்கியும் தள்ளும். அதற்குத் தனி ஹைட்ராலிக் இணைப்பும் வண்டியின் சட்டத்தோடு பொருந்தும் தாங்கியும் வேண்டும், செலவு கூடும். முன் அச்சில் பாரம் ஏறுவதால் இரு சக்கர இழுவை வண்டி சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தால் நல்லது.

வாரி டிரெய்லரில் ஏற்ற வேண்டுமென்றால் முன் லோடர் தேவை. பக்கெட்டில் ஈர மணலை அள்ளித் தூக்கும்போது பின் சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். ஆகவே லோடர் மாட்டிய வண்டியின் பின்னால் ஓர் எடை கட்டாயம். கான்கிரீட் கட்டை தொங்கவிடலாம், பின் பிளேடையே மாட்டிவைக்கலாம். வரப்பு ஓரத்தில் பக்கெட்டை உயர்த்திப் பிடித்தபடி திரும்புவது உயிருக்கு ஆபத்து. எவ்வளவு பழகிய டிரைவரானாலும் அதைச் செய்யக் கூடாது. மட்கார்டில் ஆள் உட்கார்ந்து வருவதையும் இந்த வேலையின்போது அறவே அனுமதிக்கக் கூடாது.

எந்தக் கருவியானாலும் எப்போது இறங்குவது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். கால் வைத்து எடுத்தால் தடத்தில் நீர் ஊறக் கூடாது. அதற்கு முன்னால் வண்டியை இறக்கினால், மேலே கிடக்கும் மணல் கீழே நல்ல மண்ணோடு பிசைந்து போகும். அதன்பின் எந்தப் பிளேடாலும் பிரிக்க முடியாது.

பனி தள்ளுகிறவர்களிடம் கற்க வேண்டியவை

கனடாவில் குடியேறியிருக்கும் நம் உறவினர்களில் பலருக்கு, வாசலில் குவியும் பனியை அகற்றுவது குளிர்காலத்தின் அன்றாட வேலை. சிலர் கையால் வாருகிறார்கள், சிலர் தள்ளு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒட்டாவா, மொன்றியல் பக்கம் பருவம் முழுமைக்கும் ஒப்பந்தம் பேசி டிராக்டர்காரர்களிடம் விட்டுவிடுவது வழக்கம். அந்த டிராக்டரின் பின்னால் பனியை வாரித் தூர வீசும் கருவி, அதன் வாய் டிராக்டரைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருக்கும். வீட்டு வாசல் வரை ரிவர்ஸில் போய், கருவியைக் கதவோரம் இறக்கி, முன்னோக்கி ஓட்டி வெளியே வருவார்கள். சுவரில் மோதாமல், சுவரோரத்துப் பனியும் மிச்சமில்லாமல் வந்துவிடும். இந்த வீசு கருவியைச் சாலைக்குப் பயன்படும்படி உருவாக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரம் அதை வாங்கியது. நம் நாட்டிலும் ஜோஜி லா போன்ற இமயக் கணவாய்களில், எல்லைச் சாலைகள் அமைப்பினர் பனிவெட்டு இயந்திரங்களையும் டோசர்களையும் சேர்த்து இறக்கித்தான் வழியைத் திறக்கிறார்கள்.

அவர்களுடைய கருவியை அப்படியே இங்கே இறக்க முடியாது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ கூடத் தேறாது. ஈர மணல் அதே கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ. ஆறடி பிளேடுக்கு முன்னால் ஓரடி உயரத்துக்கு மணல் திரண்டாலே கால் டன் எடை. டிராக்டரின் மொத்த எடையே இரண்டு டன் அளவுதான். பனிக்குச் செய்த மெல்லிய பலகைகளின் படத்தைப் பார்த்து இங்கே ஆசைப்படக் கூடாது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை அவர்களுடைய இரண்டு பழக்கங்கள். முதல் பனி விழுவதற்கு முன்பே பாதையின் இரு ஓரங்களிலும் நிறம் பூசிய கழிகளை நட்டுவிடுவார்கள். பனி மூடிய பிறகு விளிம்பு எங்கே, படி எங்கே என்று தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு. நம் கழனிகளிலும் இதே ஆபத்துதான். மணலுக்கு அடியில் போர்வெல் குழாய் வாய், பிவிசி வால்வு, எல்லைக் கல், மின்கம்பத்தின் இழுகம்பி எல்லாம் மறைந்து கிடக்கும். பிளேடு ஒரு முறை இழுத்தால் போர்வெல் குழாய் உடைந்து மணல் உள்ளே இறங்கிவிடும். அந்த நஷ்டம் மணல் அகற்றும் செலவைப்போலப் பல மடங்கு. புரட்டாசி முடிவதற்குள் ஆளுயர மூங்கில் கழிகளை நட்டுத் துணி கட்டி வைத்தால் இது நேராது. காசு செலவில்லாத வேலை.

இரண்டாவது பழக்கம், தள்ளிய பனியை எங்கே குவிப்பது என்று பருவம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுவது. நாம் அதைச் செய்வதில்லை. கைக்கு எட்டிய இடத்தில், பெரும்பாலும் ஓடையிலோ வாய்க்காலிலோ ஏரிக் கலங்கலுக்குக் கீழேயோ தள்ளிவிடுகிறோம். அடுத்த மழைக்கு அதே மணல் திரும்பவும் கழனிக்கு வருகிறது. பக்கத்து ஊர்க் கழனிக்கும் போகிறது. கரை உடைந்த இடத்தை மேடாக்கலாம், அரித்துப்போன வண்டிப்பாதையை உயர்த்தலாம், பள்ளமாகக் கிடக்கும் பொது இடத்தை நிரப்பலாம். மணலுக்குத் தேவை இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஊராட்சி ஓர் இடத்தை முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மானியம் எதற்குப் போகிறது

டிராக்டரில் இப்படி விதவிதமான கருவிகளை மாட்டிக் கழற்ற முடிவதே ஒருவர் செய்த உபகாரம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர், கருவியை மூன்று முனைகளில் பூட்டி ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் இணைப்பை உருவாக்கினார். 1930களில் அது டிராக்டரில் வந்தது. அதற்கு முன் கலப்பையை வண்டியின் பின்னால் சும்மா கட்டி இழுத்தார்கள். தடங்கல் வந்தால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து, ஓட்டியவர்கள் செத்திருக்கிறார்கள். பெர்குசனின் இணைப்பு அந்த ஆபத்தைக் குறைத்தது, ஒரே டிராக்டரைப் பத்து வேலைக்கு உரியதாக்கியது. அவர் பெயர் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டரைச் சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் 1960களிலிருந்து தயாரித்து வந்திருக்கிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து செம்பியம் ஒன்றரை மணி நேரப் பயணம். இவ்வளவு அருகில் அந்தக் கைவேலை இருந்தும், மூன்று முனை இணைப்பில் கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தவிர வேறெதையும் மாட்டிப் பார்க்காத வண்டிகள் நம் ஊர்களில் ஏராளம்.

ரோட்டவேட்டர் மேல் எனக்குப் பகை இல்லை. ஆஸ்திரேலியாவில் கிளிஃப் ஹோவர்டு என்ற இளைஞர் 1912இல் செய்து பார்த்த சுழல் உழவு, நெல் கழனியை ஒரே ஓட்டத்தில் நடவுக்குத் தயாராக்குகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய வசதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் கம்பெனி பஸ்ஸில் போகும் இளைஞர்களை மண்வெட்டியோடு கழனியில் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் வெள்ள மணல் மூடிய கழனியில் ரோட்டவேட்டரை இறக்குவது தவறான வைத்தியம். அது நான்கைந்து அங்குலம் மட்டுமே கிளறும். மணலை மணலோடு கலக்கும். கத்திகள் மணலில் உராய்ந்து சீக்கிரமே தேயும். பருவத்துக்குப் பருவம் அதே ஆழத்தில் ஓட்டுவதால் கீழே மண் இறுகிக் கெட்டிப் பாளமாகிறது. அந்தப் பாளம் இருக்கும் கழனியில் வெள்ள நீரும் வடியாது. அதை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை ஓட்டச் சொல்கிறது. ஊரில் உளிக்கலப்பை வைத்திருப்பவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். அடுத்த ஊரைக் கைகாட்டுவார்கள்.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15இல் தொடங்கப்பட்டது. சிறு, குறு, ஆதிதிராவிட, பழங்குடி, பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் கருவிகளுக்கு மானியம் என்பது அதன் ஏற்பாடு. அந்தப் பட்டியலில் லெவலர் பிளேடும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் பண்ணைக் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஊரில் பிளேடு இல்லையென்றால், வாங்கத் தடை விலை மட்டுமல்ல என்று தெரிகிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே வேலை கொடுக்கும் கருவியைத் தனி ஒருவர் சொந்தமாக வாங்கி வைக்க மாட்டார். வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. டோசரும் லோடரும் உளிக்கலப்பையும் ஊர்ப் பொதுவில் இருக்க வேண்டிய கருவிகள். வண்டி அவரவர் வைத்துக்கொள்ளட்டும், கருவியைப் பொதுவில் எடுத்து மாட்டிக்கொள்ளட்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், புல்டோசர் எல்லாம் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். மாவட்டம் முழுக்க ஒரே வாரத்தில் எல்லோரும் கேட்கும்போது அதுவும் ஜேசிபியின் கதையாகத்தான் முடியும். எல்லாபுரம், பூண்டி, சோழவரம், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களில் ஆரணி, கொசஸ்தலை ஆறுகளை ஒட்டிய ஊராட்சிகளுக்கு என்று தனியாகக் கருவி ஒதுக்க வேண்டும். பின் பிளேடு ஊராட்சிக்கு ஒன்று. டோசர் பலகை, லோடர், டிப்பர் டிரெய்லர் சில ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒன்று. வைத்துப் பராமரிக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி உருட்டும் ஆலைகளே வரிசையாக நிற்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டாக வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பக்கத்து ஊர்க் கழனிக்குப் பிளேடாகக் கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

இன்னொரு முட்டுக்கட்டையையும் அரசுதான் அகற்ற வேண்டும். தன் பட்டா நிலத்தில் வெள்ளம் கொட்டிய மணலைத் தானே வாரி டிரெய்லரில் ஏற்றிச் சாலைக்கு வரும் விவசாயிக்குப் பயம் இருக்கிறது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959ன் கீழ், மணலை எடுக்கவும் கொண்டுசெல்லவும் அனுமதி வேண்டும். ஆரணி ஆற்றில் மணல் கொள்ளை நடப்பதால் கண்காணிப்பு தேவைதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரும் கொள்ளையடிப்பவரும் ஒரே விதியின் முன்னால் ஒரே மாதிரி நிற்க நேர்வது அநீதி. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவும் இருக்கிறது. கழனிக்கு வண்டலைக் கொண்டுவர வழி எளிதாகியிருக்கிறது. கழனியிலிருந்து மணலை வெளியேற்றவும் அதேபோல் ஒரு வழி வேண்டும். நிவாரணத்துக்காக ஆழத்தை அளந்து சான்று தரும் அதே அதிகாரி, அதே நாளில், இத்தனை கன மீட்டர் மணலை ஊராட்சி காட்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுக்கலாம். அளவு எழுதப்பட்டிருக்கும், இடம் எழுதப்பட்டிருக்கும், தேதி எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கொள்ளையடிக்க முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் ஆய்வுக் கூட்டம் நடத்துகிறது. மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, ஜெனரேட்டர் எத்தனை, முகாம் எத்தனை என்று பட்டியல் வாசிக்கப்படுகிறது. எல்லாம் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கான தயாரிப்பு. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுப் பட்டியலில் தண்ணீர் வடிந்த பிறகு தேவைப்படுபவற்றையும் சேருங்கள். எந்த ஊராட்சியில் எத்தனை பிளேடு, எந்தச் சங்கத்தில் டோசர், மணல் கொட்ட எந்த சர்வே எண், அனுமதிச் சீட்டு யார் கையெழுத்தில் என்பதெல்லாம் செப்டம்பர் முடிவதற்குள் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.